பயப்பட வேண்டியது டைமெத்திகோனுக்கு அல்ல

“சுருட்டை முடி வளர்க்கணுமா? முதல்ல சிலிக்கோனை விடு.” சில ஆண்டுகளாக இந்த ஒரு வரி வேதவாக்காகிவிட்டது. பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கிறார்கள். டைமெத்திகோன் என்ற சொல் கண்ணில் பட்டதும், பாம்பை மிதித்ததுபோலப் பதறி அலமாரியில் திரும்ப வைத்துவிடுகிறார்கள். லேபிள் படிக்கும் பழக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. படித்ததற்குச் சொல்லப்படும் பொழிப்புரையோடுதான் சண்டை.

முதலில் ஒரு தெளிவு. சிலிக்கான் வேறு, சிலிக்கோன் வேறு. சிலிக்கான் தனிமம், கணினிச் சில்லில் இருப்பது. எனக்குச் சோறு போடுவது அது. சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலிதான் சிலிக்கோன். டைமெத்திகோன் அதில் எளிமையான வகை. முடியின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, இழைக்கும் இழைக்கும் நடுவில் உரசலைக் குறைக்கும். சீப்பு சிக்காமல் இறங்கும், ஒளி சீராகத் தெறிப்பதால் பளபளப்பு வரும். அதன் வேலை அவ்வளவுதான்.

இதன்மேல் சுமத்தப்படும் பெரிய குற்றம், ‘முடியை மூச்சுவிட விடாது’ என்பது. மண்டைத் தோலை விட்டு வெளியே வந்த முடி செத்த பொருள், நகம் மாதிரி. மூச்சு எங்கிருந்து வரும்? அதுபோக, சிலிக்கோன் காற்றை அடைக்கிற சரக்கே இல்லை. சிலிக்கோன் ஹைட்ரோஜெல்லில் காண்டாக்ட் லென்ஸ் செய்வதே அதன் வழியாகக் கண்ணுக்கு ஆக்சிஜன் போகட்டும் என்றுதான். விழிக்கே ஆகும் பொருள் மயிருக்கு ஆகாதா?

இரண்டாவது குற்றம், கழுவினாலும் போகாமல் அடுக்கடுக்காகப் படியும் என்பது. இதில் பாதி உண்மை. டைமெத்திகோன் தண்ணீரில் கரையாது. ஆனால் தலைக்கு நாம் வெறும் தண்ணீரா ஊற்றுகிறோம்? சாதாரண ஷாம்பு அதில் பெரும்பகுதியைக் கிளப்பிக் கொண்டுபோய்விடும். அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? லொரெய்ன் மாஸ்ஸி என்ற சிகையலங்காரக் கலைஞரிடமிருந்து. இங்கிலாந்தில் பிறந்தவர், நியூயார்க்கில் சலூன் நடத்தியவர், அவருக்கும் சுருட்டை முடிதான். 2000-களின் தொடக்கத்தில் அவர் எழுதிய ‘கர்லி கேர்ள்’ புத்தகத்தின் அடிப்படை, ஷாம்புவைத் தூக்கிப்போடு, கண்டிஷனரை மட்டும் வைத்துத் தலையைக் கழுவு என்பது. ஷாம்பு இல்லையென்றால் சிலிக்கோனைக் கழற்ற ஆளில்லை. அதனால் சிலிக்கோனும் கூடாது. முதல் விதி இருந்ததால் பிறந்த இரண்டாவது விதி. எங்கள் தொழிலில் இதை டிபெண்டன்ஸி என்போம். நம்மாட்கள் செய்தது என்னவென்றால், முதல் விதியைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வாரம் மூன்று நாள் ஷாம்பு போட்டுக் குளிக்கிறவருக்கு அந்தத் தடையால் என்ன பயன்?

மாஸ்ஸியின் மேல் எனக்கு மரியாதை உண்டு. சுருட்டை முடியை நேராக்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை என்று உரக்கச் சொன்னவர். நமக்கு அது தேவைப்பட்டது. ‘சுருட்டை முடி சோறு போடும், கோரை முடி குடியைக் கெடுக்கும்’ என்ற பழமொழி ஊரில் இருந்தும், பள்ளிக்கூடத்தில் என் தலையைப் பார்த்து யாரும் சோற்றைப் பற்றிப் பேசவில்லை. பரட்டை என்றார்கள். ‘16 வயதினிலே’ 1977-இல் வந்த படம். அதில் ரஜினிகாந்த் நடித்த ரவுடியின் பெயரும் அதுதான். எண்ணெய் வழிய ரெட்டைச் சடை போட்டு அமுக்கினால்தான் வகுப்பில் உட்கார முடியும். அந்த அவமானத்திலிருந்து வெளியே வர ஒரு வழி கிடைத்தபோது, கூடவே புதிதாக ஓர் அவமானத்தையும் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் என் கோபம். அன்றைக்குத் தப்பான முடி. இன்றைக்குத் தப்பான பாட்டில்.

நியூயார்க்கின் தண்ணீர் மலைப்பகுதி நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் மென்னீர். என் ஊர் தருவைகுளம். தூத்துக்குடிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் வரும் மீனவ ஊர். சுற்றிலும் உப்பளங்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது. குழாய் வாயில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். பருப்பே வேகாத தண்ணியில தலை மட்டும் எப்படிம்மா பளபளக்கும் என்று அம்மா கேட்பார்கள். இதைவிடச் சுருக்கமாக வேதியியல் சொல்ல எனக்குத் தெரியாது. கடினநீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் முடியில், முக்கியமாக அடிபட்ட இடங்களில், ஒட்டிக்கொள்கின்றன. முடி விறைத்து, சொரசொரவென்று, தும்பு மாதிரி ஆகிவிடும். இதைத்தான் ‘சிலிக்கோன் படிஞ்சிருச்சு’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாழ்நாளில் கண்டிஷனரே தொடாத அம்மாவுக்கும் அதே தும்புதான். லாகைப் பார்க்காமல், கடைசியாக மாற்றிய ஃபைலின் மேல் பழி போடுகிற ஜூனியர்களை நான் தினமும் பார்க்கிறேன். இதுவும் அந்த ரகம்.

இந்தத் தண்ணீரில் ஷாம்புவையும் விட்டு, சிலிக்கோனையும் விட்டு, வெறும் கண்டிஷனரில் தலை கழுவினால் உப்பும் வியர்வையும் எண்ணெயும் அப்படியே இருக்கும். கடைசி இரண்டு செம்பு மட்டும் குடிதண்ணீர் ஊற்றி அலசுவதில் கிடைக்கும் பலன், ‘சிலிக்கோன் ஃப்ரீ’ என்று நானூறு ஐந்நூறு கொடுத்து வாங்கும் பாட்டிலில் கிடைக்காது. ஆனால் குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் வீட்டில் அந்த இரண்டு செம்பும் சும்மா வருவதில்லை. இதைச் சொல்கிற முடி நிபுணர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

என் சித்தி மகள் தூத்துக்குடியில் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு பார்லரில் கெரட்டின் ட்ரீட்மெண்ட் செய்துகொண்டாள். மாப்பிள்ளை வீட்டில் யாரும் கேட்கவில்லை. போட்டோவுக்கு நல்லாயிருக்கும் என்று அவளே முடிவு செய்தது. இஸ்திரி போடுவதுபோலச் சூடான தட்டால் இழை இழையாக இழுத்தபோது கண்ணிலிருந்து தாரைதாரையாகத் தண்ணீர் வந்ததாம். ஆறு மாதத்தில் வேரில் சுருட்டையும் நுனியில் கோரையுமாக ஆனதும், இனி அந்தப் பக்கமே போகமாட்டேன், இயற்கையாக வளரட்டும் என்று உறுதியெடுத்தாள். நல்ல உறுதி. பிறகு ஒருநாள் கண்டிஷனர் சாசேயின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள்.

“அக்கா, இதுல டைமெத்திகோன் இருக்கு. தூரப் போட்டுறவா?”

“பார்லர்ல உன் தலையில என்ன போட்டாங்க? அந்த பாட்டில் பாத்தியாட்டி?”

“அது கெரட்டின்தானக்கா. புரோட்டீன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் எரிந்ததாகச் சொன்னாளே, அங்கேதான் சந்தேகம் வரவேண்டும். முடியை நேராக்கும் இந்த வகைக் கலவைகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடோ, சூடுபட்டால் அதை வெளியிடும் பொருளோ இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்றே முதல் வகையில் வைத்திருக்கிறது. 2022-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்தது. முடியை நேராக்கும் பொருட்களை ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம், பயன்படுத்தாதவர்களுக்கு 1.64. எந்தப் பொருளில் எந்த வேதிப்பொருள் காரணம் என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை, உறுதியான தீர்ப்பும் எழுதவில்லை. ஆனாலும் பயத்துக்கு ஒரு முகவரி வேண்டுமென்றால் அது இங்கே இருக்கிறது. கண்டிஷனர் சாசேக்குள் இல்லை.

அவளுக்கு இப்போது டைமெத்திகோன் தேவைப்படுகிறது என்பதுதான் இதில் உள்ள கூத்து. முடி மாதத்துக்குச் சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும், ஆண்டுக்குப் பதினைந்து. தோளைத் தாண்ட இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அவ்வளவு காலமும் அவள் தலையில் இரண்டு வகை முடி இருக்கும். சுருளும் கோரையும் சேரும் அந்தக் கோடுதான் பலவீனமான இடம். சீப்பு இழுத்தால் அங்கேதான் அறும். சுருட்டை முடியில் மண்டையின் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிவரை இறங்குவதில்லை, ஆகவே காய்ச்சல் வேறு. உரசலைக் குறைக்கும் ஒரு பொருள் மிகவும் உதவும் கட்டம் இது. அமோடைமெத்திகோன் என்ற வகை நேர்மின்னூட்டம் கொண்டது. அடிபட்ட இடங்களில் எதிர்மின்னூட்டம் கூடுதலாக இருப்பதால் அங்கே போய் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. இதை எடுத்துவிட்டு, காய்ந்த முடியை வளர்க்கிறவளிடம் வெறும் பெருமிதத்தை மட்டும் கொடுத்தால், முடி அறுந்துகொண்டே இருக்கும். வளரவே இல்லை என்று அவள் மறுபடியும் பார்லர் வாசலில் போய் நிற்பாள்.

லேபிள் படிக்கத்தான் வேண்டுமென்றால் ஒழுங்காகப் படிக்கலாம். இந்தியாவின் 2020 அழகுசாதன விதிகளின்படி ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அளவின் இறங்குவரிசையில் எழுதவேண்டும். அதற்குக் கீழுள்ளவை எந்த வரிசையிலும் வரலாம். கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஃபீனாக்ஸிஎத்தனாலின் உச்சவரம்பு ஒரு சதவீதம். பட்டியலில் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோதான். பிறகு, ஷாம்புவில் மின்னும் அந்த முத்து வெள்ளையைச் சிலிக்கோன் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் கிளைகால் டைஸ்டியரேட் என்ற மெழுகுப் பொருள். முத்துநகரில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை, பாட்டிலுக்குள்ளாவது இருக்கட்டும்.

சிலிக்கோனை ஏசுகிற இன்னொரு கூட்டம் மரபுக் கூட்டம். அவர்களுக்குச் சீயக்காய்தான் எல்லாவற்றுக்கும் பதில். சீயக்காய் நன்றாகவே அழுக்கெடுக்கும், அதில் சபோனின் இருக்கிறது. காய்ந்த சுருட்டை முடியை இன்னும் காயவைக்கும், துகள் சிக்கிக்கொண்டு போகாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தேங்காய் எண்ணெய் வேறு கதை. குளிப்பதற்கு முன் தடவினால் முடி புரதம் இழப்பது குறைகிறது, கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை என்று 2003-இல் ரேலே, மோஹிலே இருவரும் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். எழுதியவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டே அதை ஏற்கலாம். எங்கள் தெருப் பெண்கள் யாரையும் கேட்காமல் செய்துவந்ததும் அதுதான்.

சாசேயைப் பற்றி ஒரு வார்த்தை. கடலூரில் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து விற்க ஆரம்பித்ததும், அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் ‘சிக்’ ஷாம்புவோடு அதைப் பெருவணிகமாக்கியதும் தமிழ்நாட்டுக் கதை. மாதச் சம்பளம் வராத வீடுகளுக்குள் ஷாம்பு நுழைந்தது அந்தப் பொட்டலம் வழியாகத்தான். தலையில் துணி கட்டிக்கொண்டு உப்பளத்தில் நாள் முழுக்க வாரிப்போடும் பெண்ணுக்கு, வெயிலிலும் உப்பிலும் விறைத்த தலையில் சீப்பு இறங்க வைப்பது சில ரூபாய்க்குள் கிடைக்கும் அந்த டைமெத்திகோன். அவளிடம் போய், ‘அது விஷம், இந்த நானூறு ரூபாய் பாட்டிலை வாங்கு’ என்பதற்கு என்ன பெயர்? அந்தப் பொட்டலத்தாள் கடற்கரை மணலில் கிடப்பது இன்னொரு வழக்கு. அதில் நான் சாசேயின் பக்கம் நிற்கமாட்டேன்.

சிலிக்கோனைத் தவிர்க்க உருப்படியான காரணம் ஒன்று உண்டு. அதைத்தான் இவர்கள் பேசுவதே இல்லை. டி4, டி5 எனப்படும் வளைய சிலிக்கோன்கள் தண்ணீரிலும் வண்டலிலும் எளிதில் சிதையாமல் தங்குபவை, உயிரிகளின் உடலில் சேர்பவை. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி 31-க்குப் பிறகு, கழுவிவிடும் அழகுசாதனங்களில் இவை 0.1 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கக்கூடாது என்றது. 2024-இல் டி6-ஐயும் சேர்த்து, கழுவாமல் தலையிலேயே விடும் பொருட்களுக்கும் தடையை நீட்டியது. அவற்றுக்கு 2027 ஜூன் வரை அவகாசம். முடி கெடும் என்பதற்காக அல்ல, நீர்நிலை கெடும் என்பதற்காக. டி5-ஐ லேபிளில் சைக்ளோபென்டாசிலாக்சேன் என்று எழுதுவார்கள். பல முடி சீரங்களில் முதல் பெயரே அதுதான். எங்கள் வீட்டில் குளித்த தண்ணீர் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தையும் பார்க்காமல் மணலில் இறங்குகிறது. அதற்கு அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா, 21 தீவுகள், 1986-இல் அறிவித்த கடல்வாழ் தேசியப் பூங்கா. அந்தக் கடலில் இறங்கும் கழிவுகளின் வரிசையில் தலைக்குத் தேய்ப்பது கடைசியில் நிற்பது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் காரணம் என்று ஒன்றைச் சொல்வதானால் இதைச் சொல்லட்டும்.

சித்தி மகளுக்குப் பதில் எழுதினேன்: சாசேயைத் தூரப் போடாதே. நுனியில் மட்டும் தடவு, ஈரமாக இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் வாரு, கடைசியில் குடிதண்ணி இரண்டு செம்பு. சீரம் தீர்ந்ததும் அடுத்தது வாங்காதே. “சரிக்கா” என்றாள். கோரைப் பகுதி இன்னும் நாலு விரற்கடை மிச்சம்.