அடைக்கலக் கதவு குறுகுகிறது!

ஐரோப்பிய நாடுகளில் புதுப்புதுச் சட்டங்கள்

2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம். இத்தாலி நாட்டின் கடற்படைக் கப்பல் ஒன்று, அல்பேனியா நாட்டின் ஷெங்ஜின் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. கப்பலில் 16 பேர் கொண்டுவரப்பட்டார்கள். 10 பேர் வங்காளதேசத்துக்காரர்கள். 6 பேர் எகிப்துக்காரர்கள்.

அவர்கள் போக நினைத்தது இத்தாலிக்கு. நடுக்கடலில் அவர்களை மீட்டதும் இத்தாலிக்காரர்கள்தான். ஆனால், கொண்டுபோய் இறக்கியது வேறு நாட்டில்!

ஏன்?

அடைக்கலம் கேட்டு வருகிறவர்களில் ஒரு பகுதியினரைச் சொந்த மண்ணில் வைத்து விசாரிக்க வேண்டாம், அயல்நாட்டில் வைத்து விசாரிக்கலாம் என்று இத்தாலி சர்க்கார் முடிவு செய்தது. அதற்காக 2023 நவம்பரில் அல்பேனியாவுடன் ஒப்பந்தம் போட்டது. அங்கே இத்தாலியின் செலவில் முகாம்கள் கட்டப்பட்டன.

முகாமுக்கு வந்த 16 பேரில் 4 பேர் உடனே இத்தாலிக்கு அனுப்பப்பட்டார்கள். இருவர் 18 வயது நிரம்பாதவர்கள். இருவர் உடல்நலம் இல்லாதவர்கள். மீதி 12 பேரையும் அங்கே அடைத்து வைத்தது செல்லாது என்று ரோம் நகரக் கோர்ட்டு சொல்லிவிட்டது. சில நாட்களில் அவர்களும் இத்தாலிக்கே வந்து சேர்ந்தார்கள்.

இது 16 பேரின் கதைதான். ஆனால், ஐரோப்பாவில் பல நாடுகளில் இதுவே நடக்கிறது. சர்க்கார் கதவைக் குறுக்குகிறது. கோர்ட்டு சில இடங்களில் குறுக்கே நிற்கிறது. இடையில் நிற்பவன் அகதி.

கொடுத்த வாக்கு

அடைக்கலம் கொடுப்பது சர்க்காரின் விருப்பம் மட்டும்தானா? இல்லை. அது உலக நாடுகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கு. அந்த வாக்குக்குப் பின்னால் ஒரு பெரிய பாவக் கணக்கு இருக்கிறது.

1939 மே மாதம், ஜெர்மனியில் இருந்து "செயிண்ட் லூயிஸ்" என்ற கப்பல் புறப்பட்டது. அதில் 900-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அநேகமாக எல்லோரும் யூதர்கள். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி ஓடியவர்கள்.

கியூபா நாடு ஒரு சிலரைத் தவிர மற்றவர்களை இறங்க விடவில்லை. அமெரிக்காவும் விடவில்லை. மியாமி நகரத்து விளக்குகள் கப்பலில் இருந்தவர்களின் கண்ணுக்குத் தெரிந்தன. கரை ஏறத்தான் முடியவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. பிறகு மூண்ட உலகப் போரில், அந்தப் பயணிகளில் 254 பேர் மாண்டார்கள்.

இப்படிப்பட்ட கொடுமை இனி நடக்கக்கூடாது என்று, 1951 ஜூலையில் ஜெனீவா நகரில் அகதிகள் ஒப்பந்தம் உருவானது. மதம், இனம், நாடு, அரசியல் கொள்கை போன்றவற்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்று அஞ்சி நாட்டை விட்டு ஓடி வருபவர் அகதி. அவரை ஆபத்து இருக்கும் இடத்துக்குத் திருப்பி அனுப்பக்கூடாது. இதுதான் ஒப்பந்தத்தின் உயிர்.

வேலை தேடி வருகிறவர் வேறு. அகதி வேறு. வந்தவர் யார் என்று விசாரித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே, ஒருவர் "அடைக்கலம்" என்று கேட்டால், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

10 லட்சம் பேர் வந்தார்கள்

2015-ம் ஆண்டில் மட்டும் 10 லட்சம் பேருக்கு மேல் கடல் வழியாக ஐரோப்பாவுக்கு வந்தார்கள். சிரியாவில் நடந்த போருக்குத் தப்பி வந்தவர்களே அவர்களில் அதிகம். ஆப்கானிஸ்தான், ஈராக் நாட்டு மக்களும் வந்தார்கள்.

ஜெர்மனியின் அன்றைய தலைவர் ஏஞ்சலா மெர்கல், "நம்மால் சமாளிக்க முடியும்" என்று தன் மக்களுக்குத் தைரியம் சொன்னார். மூனிச் நகர ரெயில் நிலையத்தில் மக்கள் கை தட்டி வரவேற்றார்கள். குழந்தைகளுக்குப் பொம்மைகள் கொடுத்தார்கள்.

ஆனால், பாரம் எல்லா நாடுகளுக்கும் சமமாக இல்லை. அகதி முதலில் எந்த நாட்டில் கால் வைக்கிறாரோ, பெரும்பாலும் அந்த நாடுதான் அவரை விசாரிக்க வேண்டும் என்பது ஐரோப்பாவின் விதி. கடலோரத்தில் இருக்கும் இத்தாலியும் கிரீசும் திணறின. கிரீசில் உள்ள லெஸ்போஸ் தீவில் சுமார் 3 ஆயிரம் பேருக்காக அமைத்த முகாமில் 12 ஆயிரம் பேர் அடைந்து கிடந்தார்கள். 2020 செப்டம்பரில் அந்த முகாம் தீயில் எரிந்தே போயிற்று.

உள்ளூர் மக்களின் குறையையும் தள்ளிவிட முடியாது. வீட்டு வாடகை ஏறியது. பள்ளிக்கூடங்களில் இடம் போதவில்லை. அடைக்கலம் மறுக்கப்பட்டவர்களும் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் ஜெர்மனியில் உள்ள சோலிங்கன் நகரில், திருவிழாக் கூட்டத்தில் ஒருவன் கத்தியால் குத்தியதில் 3 பேர் இறந்தார்கள். குத்தியவன் சிரியாவில் இருந்து வந்தவன். முன்பே பல்கேரியாவுக்கு அனுப்பப்பட்டிருக்க வேண்டியவன்.

ஒருவன் செய்த குற்றத்துக்கு லட்சக்கணக்கானவர்கள் பொறுப்பாக மாட்டார்கள். ஆனாலும் மக்கள் கொதித்தார்கள். அகதிகளை எதிர்க்கும் கட்சிகளுக்கு ஓட்டு பெருகியது. மற்றக் கட்சிகளும் சட்டத்தை இறுக்கத் தொடங்கின.

எப்படி இறுக்கினார்கள்? மூன்று வழிகளில்.

முதல் வழி: இடம்

வாசலில் வந்து நின்றால்தானே கதவைத் தட்ட முடியும்? வாசலையே தள்ளி வைத்துவிட்டால்?

இங்கிலாந்து அப்படித்தான் செய்யப் பார்த்தது. சிறு படகுகளில் கால்வாயைக் கடந்து வருகிறவர்களை, 4 ஆயிரம் மைலுக்கு அப்பால் ஆப்பிரிக்காவில் உள்ள ருவாண்டாவுக்கு அனுப்ப 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டது. அவர்களின் மனுவை ருவாண்டாதான் விசாரிக்கும். அடைக்கலம் கிடைத்தாலும் ருவாண்டாவில்தான் வாழ வேண்டும்.

இந்தத் திட்டம் சட்டத்துக்கு விரோதமானது என்று 2023 நவம்பரில் இங்கிலாந்து சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ருவாண்டா பத்திரமான நாடுதான் என்று 2024-ல் பார்லிமெண்டில் தனிச் சட்டமே போட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஆட்சி மாறியது. புது சர்க்கார் திட்டத்தைக் கைவிட்டது. கோடி கோடியாகப் பணம் போனதுதான் மிச்சம். தாமாகச் சம்மதித்த 4 பேர்தான் ருவாண்டா போய்ச் சேர்ந்தார்கள்!

ஹங்கேரி 2020-ல் வேறு வழி கண்டது. அடைக்கலம் வேண்டுவோர், அயல்நாட்டில் உள்ள ஹங்கேரித் தூதர் அலுவலகத்தில் முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தவறு என்றது. அடைக்கல விதிகள் பற்றி 2020-ல் கொடுத்த வேறொரு தீர்ப்பை மதிக்காததால், 2024 ஜூனில் 20 கோடி யூரோ அபராதமும் போட்டது. திருத்திக்கொள்ளும் வரை தினம் 10 லட்சம் யூரோ கூடுதல் அபராதம்!

போலந்து, 2025 மார்ச்சில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெலாரஸ் எல்லையில் அடைக்கல மனு வாங்குவதையே சர்க்கார் நிறுத்தி வைக்கலாம் என்பது அந்தச் சட்டம். பெலாரஸ் வேண்டுமென்றே ஆட்களைக் கொண்டுவந்து எல்லையில் தள்ளுகிறது என்பது போலந்தின் புகார். கர்ப்பிணிகள், தனியாக வரும் சிறுவர்கள் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு.

ஜெர்மனியில் 2025 மே மாதம் பதவிக்கு வந்த சர்க்கார், அடைக்கலம் கேட்பவரையும் எல்லையிலேயே திருப்பி அனுப்பலாம் என்று போலீசாருக்கு உத்தரவு போட்டது. சோமாலியாக்காரர்கள் மூவர் வழக்குப் போட்டார்கள். திருப்பி அனுப்பியது தவறு என்று ஜூன் மாதம் பெர்லின் கோர்ட்டு கூறியது. அந்தத் தீர்ப்பு மூவருக்கு மட்டும்தான் என்று சொல்லி, சர்க்கார் உத்தரவைத் தொடர்ந்தது.

இரண்டாம் வழி: காலம்

முன்பெல்லாம் பல நாடுகளில் அகதி என்று ஏற்றுக்கொண்டால், சில ஆண்டுகளில் நிரந்தரமாகத் தங்க வழி இருந்தது. இப்போது, "இருக்கலாம். ஆனால் ஊர் அமைதியானதும் போய்விட வேண்டும்" என்கிறார்கள்.

இதில் முன்னால் நிற்பது டென்மார்க். 2019 முதல் அதன் அகதிச் சட்டத்தின் நோக்கமே திருப்பி அனுப்புவதுதான். சிரியாவின் தலைநகர் டமாஸ்கஸ் அமைதியாகிவிட்டது என்று சொல்லி, அந்தப் பகுதியில் இருந்து வந்த சிலரின் அனுமதியை டென்மார்க் ரத்து செய்தது. ஆனால், அன்றைய சிரியா ஆட்சியோடு அதற்கு உறவு இல்லை. ஆகவே ஆட்களை அனுப்பவும் முடியவில்லை. வேலை செய்யவும் முடியாமல், ஊருக்குப் போகவும் முடியாமல் சில குடும்பங்கள் தவித்தன.

இங்கிலாந்தும் அந்தப் பாதையில் இறங்கியது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை அகதியின் நிலை மறுபடி பரிசீலிக்கப்படும், நிரந்தரமாகத் தங்க 20 ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டும் என்ற திட்டத்தை 2025 நவம்பரில் அறிவித்தது. முன்பு இது 5 ஆண்டு.

ஒரு குழந்தை 5 வயதில் வந்து பள்ளியில் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 25 வயது ஆகும் வரை, "நாளை இங்கே இருப்போமா?" என்ற கேள்வி வீட்டில் ஓயாது.

மூன்றாம் வழி: குடும்பம்

ஆபத்தான பயணத்தில் முதலில் ஒருவர் வருவார். இடம் கிடைத்த பின் மனைவி மக்களை அழைத்துக்கொள்வார். 1983-க்குப் பிறகு இலங்கையில் இருந்து ஐரோப்பா சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல இப்படித்தான் ஒன்று சேர்ந்தன.

இந்த வழியும் அடைபடுகிறது. போருக்குத் தப்பி வந்து, முழு அகதி அந்தஸ்து பெறாமல் துணைப் பாதுகாப்பு மட்டும் பெற்றவர்கள், குடும்பத்தை அழைத்து வருவதை 2025 ஜூலையில் ஜெர்மனி 2 ஆண்டுகளுக்கு நிறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தும் அகதிகளின் குடும்ப மனுக்களை வாங்குவதை நிறுத்தி வைத்தது.

டென்மார்க்கில் இப்படிப்பட்டவர்கள் 3 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. சிரியாக்காரர் ஒருவர் வழக்குப் போட்டார். மனைவியைப் பிரித்து அவ்வளவு காலம் காக்க வைத்தது தவறு என்று, 2021-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கூட்டமைப்புக்குப் பொதுச் சட்டம்

இவை தனித்தனி நாடுகள் செய்தவை. ஐரோப்பியக் கூட்டமைப்பு அளவில் பொதுவாக 10 சட்டங்கள் 2024 மே மாதம் நிறைவேறின. 2026 ஜூனில் அமலுக்கு வரும்படி நாள் குறிக்கப்பட்டது.

இவை சொல்வது என்ன?

எந்த நாட்டாருக்கு 100-க்கு 20 பேருக்கு மேல் அடைக்கலம் கிடைப்பதில்லையோ, அந்த நாட்டாரை எல்லையிலேயே வைத்து 12 வாரத்துக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். 6 வயதுக் குழந்தையிடமும் கைரேகை எடுக்க வேண்டும். கடலோர நாடுகளின் பாரத்தில் மற்ற நாடுகள் பங்கு கொள்ள வேண்டும். ஆட்களை ஏற்காத நாடு, ஓர் ஆளுக்கு 20 ஆயிரம் யூரோ (சுமார் 20 லட்சம் ரூபாய்) கொடுக்கலாம், அல்லது வேறு உதவி செய்யலாம்.

"பத்திரமான நாடுகள்" என்று ஒரு பட்டியலும் உண்டு. ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் முன்வைத்த பட்டியலில் 7 நாடுகள் இருந்தன. அவற்றில் இந்தியாவும் ஒன்று. பட்டியலில் உள்ள நாட்டாரின் மனுவை விரைவாக விசாரித்து முடிப்பார்கள். "நாடு பத்திரமாக இருக்கலாம். எனக்கு ஆபத்து" என்று காட்டும் பொறுப்பு மனு போட்டவருடையது.

மனம் இருந்தால் மார்க்கம் உண்டு

ஐரோப்பாவால் முடியாதா? முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷியா படையெடுத்தது. சுமார் ஒரு வாரத்தில், மார்ச் 4-ந் தேதி, உக்ரைன் மக்களுக்குக் கூட்டமைப்பு கதவைத் திறந்தது. ஒவ்வொருவராக விசாரிக்கவில்லை. தங்க இடம், வேலைக்கு அனுமதி, குழந்தைக்குப் பள்ளி எல்லாம் கிடைத்தன. 40 லட்சம் பேருக்கு மேல் அடைக்கலம் பெற்றார்கள். அதுவும் தற்காலிக ஏற்பாடுதான். என்றாலும் யாரும் படகில் ஏறிச் சாக வேண்டி இருக்கவில்லை.

யாரை ஏற்பது, எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்று சட்டம் போட எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. பொய் சொல்லி வருகிறவனைத் திருப்பி அனுப்பவும் உரிமை உண்டு. ஆனால், மெய் எது, பொய் எது என்று கேட்காமலே திருப்பினால், 1951-ல் கொடுத்த வாக்கு என்ன ஆகும்?

அந்த ஒப்பந்தத்தை எந்த நாடும் கிழித்துப் போடவில்லை. அது காகிதத்தில் அப்படியே இருக்கிறது. ஆனால், வாசல் வரை வந்து, "ஐயா, நான் சொல்வதைக் கேளுங்கள்" என்று சொல்ல முடிந்தவனுக்குத்தான் அந்தக் காகிதம் பயன்படும். "செயிண்ட் லூயிஸ்" கப்பலில் இருந்தவர்களுக்குக் கிடைக்காமல் போனது அந்த வாசல்தான்.