எந்த மருந்தைச் சொல்றீங்க?

திருத்தங்கலில் ‘மருந்து’ என்று யாராவது சொன்னால், எந்த மருந்து என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது. ‘மருந்து வாங்கப் போயிருக்காங்க’ என்றால் மெடிக்கல் ஷாப். ‘மருந்து செலுத்துற வேலை’ என்றால் பட்டாசு ஆலை. வெடிமருந்தில் இருந்த ‘வெடி’ பேச்சில் தேய்ந்துபோய், வெறும் மருந்தாகவே நின்றுவிட்டது. வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். உள்ளூரில் சின்னப் பிள்ளைக்குக்கூடக் குழப்பம் வராது.

சொல்லில் மட்டும் இல்லை, சரக்கிலும் இந்த உறவு இருக்கிறது. பழைய கரிமருந்துக்கு மூன்றே பொருட்கள்தான்: வெடியுப்பு, கந்தகம், கரி. இந்த மூன்றையும் இன்றைக்கு ஏதாவது ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டின் அழகு சாதன அலமாரியில் பார்க்கலாம். பல் கூச்சத்துக்கான பேஸ்ட்டில் இருக்கும் பொட்டாசியம் நைட்ரேட் வேறொன்றுமில்லை, வெடியுப்புதான். ‘சார்க்கோல் ஃபேஸ்வாஷ்’ என்று கறுப்பு டியூபில் வருவது கரி. முகப்பரு சோப்பில் கந்தகம். சொறி சிரங்குக்குக் கந்தகக் களிம்பு தருவது இன்றும் அலோபதியில் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பாதுகாப்பானது என்று அதைத் தேர்ந்தெடுப்பார்கள். சித்த மருத்துவத்தில் கந்தகத்தை நெய்யில் உருக்கிப் பாலில் ஊற்றி, அதையே பல முறை செய்து சுத்தி செய்த பிறகுதான் மருந்தாக்குவார்கள். சரக்கு ஒன்றுதான். என்ன செய்து, எவ்வளவு, யாருக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த ஊர்ப் பக்கத்திலிருந்து படித்து வேலைக்குப் போன பெண்கள் இன்று சிங்கப்பூரில் இருக்கிறார்கள், டல்லாஸில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போகும் பார்சலில் மிளகாய்ப் பொடிக்கும் கருப்பட்டிக்கும் நடுவில் ஒரு டப்பா நலங்குமாவு கட்டாயம் இருக்கும். பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கார்போகரிசி, வெட்டிவேர், நிழலில் உலர்த்திய ஆவாரம்பூ. ஆவாரை இந்தக் கரிசல் காட்டில் யாரும் விதைக்காமலே ரோட்டோரம் பூத்துக் கிடப்பது.

பள்ளிக்கூடம் போகும் வயதில் மஞ்சள் பூசிய முகத்தோடு போக வெட்கப்பட்ட அதே பெண், இப்போது அங்கே ‘டர்மரிக் மாஸ்க்’ என்ற சிறு டப்பாவுக்கு டாலரில் விலை கொடுக்கிறாள். பக்கத்து வீட்டு அமெரிக்கத் தோழி செய்முறை கேட்கிறாள். உடனே ஊருக்கு வீடியோ கால்.

‘அம்மாச்சி, கஸ்தூரி மஞ்சள் எத்தனை கிராம்?’

‘கிராமு என்னத்தா கிராமு? கையில அள்ளுனா தெரியாதா!’

அம்மாச்சிக்குத் தெரியும். பேத்திக்கு எழுதிக்கொள்ள எதுவும் கிடைக்காது. இந்தக் ‘கையளவு’ விஷயம் ஒரு தடவை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் வரை போய் நின்றிருக்கிறது.

1995 மார்ச்சில், காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்கா ஒரு காப்புரிமை வழங்கியது. எண் 5,401,504. பெற்றது மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம். கண்டுபிடிப்பாளர்கள் என்று அதில் இருந்த இரண்டு பெயர்களும் இந்தியப் பெயர்கள்: சுமன் தாஸ், ஹரிஹர் கோலி. வெள்ளைக்காரன் நம் மஞ்சளைத் திருடிவிட்டான் என்று இங்கே மேடைகளில் பேசப்பட்ட கதைக்குள் இப்படி ஒரு நெளிவு இருப்பது பலருக்குத் தெரியாது. அங்கே ஆய்வுக்கூடத்தின் பாஷையில் சொன்னால்தான் ஒன்று அறிவாகும். இங்கே அதைச் சொல்லவே தேவையில்லை, அடுப்படியிலேயே இருக்கிறது.

இந்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகமான சி.எஸ்.ஐ.ஆர். வழக்கை எடுத்தது. அப்போது அதன் தலைவர் ஆர்.ஏ.மஷேல்கர். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வேறொரு நாட்டில் மக்கள் காலம் காலமாகச் செய்துவருகிறார்கள் என்பது போதாது. அது அச்சில் இருக்க வேண்டும். அம்மாச்சியைக் கூட்டிப்போய் சாட்சி சொல்ல வைத்தால் செல்லாது. ஆகவே சம்ஸ்கிருதம், உருது, இந்தி நூல்களையும், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையையும் சேர்த்து 32 ஆவணங்களைக் கொடுத்தார்கள். 1997 ஆகஸ்ட்டில் காப்புரிமை தள்ளுபடியானது. வேம்புக்கும் இதே போராட்டம் ஐரோப்பாவில் நடந்தது. அது 2000-ல் ரத்தாகி, மேல்முறையீட்டிலும் 2005-ல் அதே தீர்ப்பு நின்றது. இந்த அனுபவத்தில்தான் பாரம்பரிய அறிவுக்கான டிஜிட்டல் நூலகத்தை மத்திய அரசு 2001-ல் தொடங்கியது. நம் சித்த மருத்துவச் சுவடிகளில் உள்ளவையும் இன்று ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பான், ஸ்பானிஷ் மொழிகளில் அதில் ஏறியிருக்கின்றன.

எல்லோரும் கைதட்டினோம். ஆனால் அந்த வழக்கில் நிரூபணமானது மஞ்சள் வைத்தியம் பழையது என்பதுதான். எல்லாக் காயத்துக்கும் அது சரியான வைத்தியம் என்று யாரும் அங்கே நிரூபிக்கவில்லை, நிரூபிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இந்த வித்தியாசம் வேறு ஊரில் சும்மா ஒரு சட்ட நுணுக்கம். திருத்தங்கலிலும் சிவகாசியிலும் உயிர் விஷயம்.

தீப்பட்டதும் நம் கை முதலில் தேடுவது அஞ்சறைப் பெட்டியை. மஞ்சள், பேனா மை, பேஸ்ட், தோசை மாவு என்று ஆளுக்கொரு பூச்சு. எதுவும் வேண்டாம். மஞ்சளைப் பூசிவிட்டால் தோல் எவ்வளவு ஆழம் வெந்திருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியாது. அதைச் சுரண்டிக் கழுவித்தான் பார்க்க வேண்டும். அந்த வலியைப் பட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தண்ணீர்தான் முதல் மருந்து. சாதாரணக் குளிர்ந்த தண்ணீர், ஐஸ் கூடாது. 20 நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். உடனே முடியாமல் போனாலும், தீப்பட்டு 3 மணி நேரத்துக்குள் ஊற்றினால் பலன் உண்டு. குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று கணக்கு வைத்துக்கொண்டு வாழ்கிற ஊர் இது என்பதால், குடத்து நீரைச் சொம்பில் மொண்டு மெதுவாக ஊற்றினாலும் போதும். வீங்குவதற்குள் மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் லேசாக மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முகம், கை, மூட்டுகளில் பட்டிருந்தாலோ, உடம்பில் அதிகமாக வெந்திருந்தாலோ யோசிக்காமல் 108.

காயம் முழுதாக ஆறிய பிறகு தேங்காய் எண்ணெய் தடவுவதில் தப்பில்லை. அது அடுத்த கட்டம்.

இன்னொரு ஆபத்து டப்பாவில் வருகிறது. ‘மூலிகை சிவப்பழகு கிரீம்’, பத்தே நாளில் பளிச். லேபிளில் தயாரித்தவரின் முகவரி இருக்காது. கேரளத்தில் மலப்புரம் பக்கம் 2023-ல் சிறுநீரகப் பாதிப்போடு சிலர் கோட்டக்கல் மருத்துவமனைக்கு வந்தார்கள். தோண்டிப் பார்த்தால், பொதுவாக இருந்தது முகத்துக்குப் போட்ட கிரீம்; அதில் பாதரசம். அதற்கு முந்தைய வருடமே மருத்துவர்கள் சிலர், அதே வகைச் சிறுநீரக நோய்க்கும் பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளுக்கும் உள்ள தொடர்பை ஆய்வாக வெளியிட்டிருந்தார்கள். இந்தியாவில் அழகு சாதனப் பொருட்களில் பாதரசத்தைச் சேர்க்கவே கூடாது. தற்செயலாகக் கலந்திருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரைதான் அனுமதி. கண்ணுக்கான பூச்சுகளுக்கு மட்டும் அளவு வேறு.

இதை வைத்து சித்த மருத்துவத்தையே குறை சொல்வது நியாயமில்லை. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இருக்கிறது; பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போகலாம், எந்தச் சரக்கு எவ்வளவு என்று கேட்கலாம். கேட்டால் கோபப்படுகிறவரிடம் மருந்து வாங்காமல் இருக்கலாம்.

பார்சல் ஒரு பக்கமாக மட்டும் போவதில்லை. அங்கிருந்து பெட்டி வரும்போது அம்மாவுக்கு ஒரு சன்ஸ்கிரீன் வருகிறது. இந்த ஊர் வெயிலுக்கு அது தேவை. எந்த நலங்குமாவும் அந்த வேலையைச் செய்யாது. அம்மாவோ அதை ‘நல்ல நாளுக்கு’ என்று பீரோவில், பட்டுப்புடவைக்குக் கீழே வைத்திருக்கிறார். மாத்திரைக்கு இருப்பதைப் போல அதற்கும் காலாவதித் தேதி உண்டு. அடுத்த வீடியோ காலில் அந்த டியூபைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.