இளவேனில் விழாக்களில் ஒலிப்பது எவரிசை?

பங்குனியிற் பின்பனி விடைபெறும். சித்திரையில் இளவேனில் தலைப்படும். அறுவடை முடிந்து, களத்து நெல் வீடு சேர்ந்து, உழவன் சற்றே நிமிர்ந்து நிற்கும் காலம் அது. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில் ஊர்தோறும் விழாக்கொடி ஏறுவதும் அக்காலத்தேதான். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில், கற்றூணையே கடவுளாக வைத்து வழிபடும் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலின் பெருவிழா அப்பொழுது நடைபெறும். உழவர் தம் விளைச்சலில் ஒரு பங்கைக் கொணர்ந்து காணிக்கையாகக் கொட்டுவர். கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடியில் பங்குனித் திங்களில் நந்தியெம்பெருமான் திருமணம் நிகழும். பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் மதுரகாளியம்மனுக்குச் சித்திரையில் விழா. இவையன்றி, ஏட்டில் ஏறாத சிற்றூர் அம்மன் விழாக்கள் எண்ணிலடங்கா.

விழாக்கள் குறையவில்லை. ஆயின், அவ்விழாக்களில் ஒலிப்பது எவருடைய இசை என்று கேட்பார்தாம் குறைந்துவிட்டனர். இவ்வினா சிறிதன்று. ஓரினம் தன் குரலைத் தானே கேட்டு மகிழும் இடம் விழாக்களம். அங்கே அதன் குரல் அடங்குமாயின் வேறெங்கே எழும்?

திறந்த வெளியில் ஊர் முழுதும் கூடிக் கேட்கும் இசை தமிழர்க்குப் புதியதன்று. இறையனார் களவியலுரை பண்டைப் பெருவிழாக்களை எண்ணுமிடத்து உறையூர்ப் பங்குனி உத்திரத்தையும் சேர்த்தே எண்ணுகின்றது. அரியலூரும் பெரம்பலூரும் 1995 வரை அடங்கியிருந்த திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் தலைநகரில் ஒரு பகுதியே அவ்வுறையூர். அவ்வூர்ப் புலவர் முதுகூத்தனார் பாடிய அகநானூற்று 137ஆம் பாடல், பங்குனி விழா முடிந்த மறுநாள் ஆற்றங்கரைச் சோலையில் அடுப்புகள் நெருப்பின்றிக் கிடக்கும் வெறுமையைத் தலைவியின் பொலிவிழந்த தோற்றத்திற்கு உவமையாக்குகின்றது. விழா ஓய்ந்த களமே இத்துணைத் துயருக்கு உவமையாகுமெனின், விழா நடந்த நாளில் அக்களம் எத்துணை உயிர்ப்புடன் இருந்திருக்கும்!

புகார் நகரின் இந்திர விழா சித்திரை முழுநிலவில் எடுக்கப்பட்டதைச் சிலப்பதிகாரம் கூறும். அஃது இருபத்தெட்டு நாள் நடந்ததை மணிமேகலை கூறும். யானையின் பிடரியில் முரசேற்றி விழாவை ஊர்க்கு அறிவித்தவனை, தொன்மையான குடியிற் பிறந்தவன் என்று அக்காப்பியம் பெருமைப்படுத்துகின்றது. முரசறைந்தவனுக்கு அன்று தமிழகம் தந்த மதிப்பு அது. இதனை மனத்திற் கொண்டு இற்றை நிலையை நோக்க வேண்டும்.

தமிழரின் பெருங்கருவிகள் யாவும் வானத்தைக் கூரையாகக் கொண்டு பிறந்தவை. நாகசுரத்தை நான்கு சுவர்க்குள் வைத்து ஊதினால் சுவரதிரும். தேரோடும் வீதியில் ஊதினால் ஊர் நிறையும். தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் நாகசுரத்திற்கு 2022இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பலாமரத்தைக் குடைந்த தவிலும், தோலை நெருப்பிற் காய்ச்சி முழக்கும் பறையும் அத்தகையனவே. இவற்றுக்கு மின்னாற்றல் வேண்டா, மேடை வேண்டா, நுழைவுச் சீட்டு வேண்டா. சென்னையில் இசையவைகள் தோன்றிக் கட்டணமும் இருக்கை வரிசையும் வந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின்னர்த்தான். அதற்கு முன்னும் பின்னும் ஏழை உழவன் பெரும்பண்களைக் கேட்டறிந்தது கோயில் வீதியிற் சாமிபுறப்பாட்டின் போதே. நள்ளிரவில் ஒரு தெருமுனையில் நின்று மணிக்கணக்கில் ஒரு பண்ணை விரித்து வாசித்த நாகசுரக்காரரே அவனுக்கு இசைப்பள்ளியாக விளங்கினார்.

ஆயினும் அப்பெருமைக்குள் ஒரு கறையும் உண்டு. அதனை மறைப்பது அறமன்று. திறந்த வெளி எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்டோர்க்குக் கோயிற் கதவைத் திறந்துவிடச் சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. தேர் திரும்பாத தெருக்கள் இருந்தன. இன்றும் சில இடங்களில் அதன்பொருட்டுப் பூசல் எழுகின்றது. பறை முழங்காமல் விழாவில்லை. பறை முழக்கியவர்க்கோ விழாவில் இடமில்லை. முரசறைந்தவனைத் தொல்குடியினன் என்று போற்றிய இனம், பிற்காலத்தில் அவனை ஊர்க்கு வெளியே நிறுத்தியது. தமிழிசையின் வீழ்ச்சி ஒலிபெருக்கியால் தொடங்கவில்லை. இச்சாதிச் செருக்கிலேயே தொடங்கிவிட்டது. ஒலிபெருக்கி அதனை விரைவுபடுத்திற்று; அவ்வளவே.

இக்கால் ஊர் விழாக்களில் நடப்பதென்ன? மாலை மங்கியதும் மின்னாக்கி உறுமத் தொடங்கும். ஆளுயர ஒலிப்பெட்டிகள் தெருமுனையில் அடுக்கப்படும். பதிவு செய்த திரைப்பாட்டுகள் செவியைத் துளைக்கும். 'ஆடல் பாடல்' என்னும் பெயரில் நடைபெறும் நிகழ்ச்சிகளுக்கு உயர்நீதிமன்றமே கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று. வாடகைக்கு அழைக்கப்பட்ட செண்டைமேளம் முன்னே செல்ல, உள்ளூர் நாகசுரக்காரர் இருவர் பின்னே பெயரளவிற்கு நடப்பர். பறைக்குழுவிற்குக் கொடுக்கும் கூலியோ பந்தற்காரரிடம் பேசிய தொகையில் ஒரு சிறு பங்கு. தந்தையின் தவிலைத் தொட மகன் மறுத்து நகரத்திற்குக் கூலி வேலைக்குச் செல்வது இதனாலன்றி வேறெதனால்?

"இளைஞர் நாகசுரத்தைக் கேட்க வாரார், திரைப்பாட்டுக்கே வருவர், கூட்டம் சேராவிடில் விழா எடுப்பது எதற்கு?" என்று விழாக்குழுவினர் கேட்பர். இதனைப் புறந்தள்ளுதல் கூடாது. விடை கூற வேண்டும். அவ்விடை மலைநாட்டில் இருக்கின்றது. திருச்சூர் நகரில் சித்திரையை ஒட்டிவரும் பூரவிழாவில், வடக்குநாதர் கோயில் வளாகத்தில் ஏறத்தாழ 250 கலைஞர் ஒருங்கு நின்று செண்டையும் கொம்பும் குழலும் இலைத்தாளமும் முழக்குவர். இரண்டு மணி நேரத்திற்கு மேல் அம்முழக்கு நீளும். அதன் பெயரோ பாண்டிமேளம்! பல்லாயிரம் இளைஞர் அங்கே திரண்டு, தாளம் காலத்திற்குக் காலம் விரையுந்தோறும் கைகளை வானில் வீசி ஆர்ப்பரிக்கின்றனர். திரைப்பாட்டு அங்கே இல்லை. பின்னர் அவர்களை ஈர்ப்பது எது? தாளத்தின் கணக்கு அவர்தம் செவிக்குத் தெரியும்; சிறுவயது முதல் கேட்டுப் பழகியது. பாறமேற்காவு, திருவம்பாடி என்னும் இருதிறத்தாரும் எவர் மேளம் சிறந்தது என்று போட்டியிட்டுக் கலைஞரைப் பேணுகின்றனர். ஆகவே, செண்டையைக் குறைகூறுவது பேதைமை. மலையாளியர் தம் கருவியைப் போற்றினர். அது வளர்ந்து எல்லை தாண்டி வந்தது. தமிழர் தம் கருவியைப் போற்றாது விட்டனர்; அது தன் சொந்தத் தெருவிலேயே தளர்ந்தது. செவி பழக்கப்பட்டால் இளைஞர் வருவர் என்பதற்குத் திருச்சூரே சான்று.

அரியலூரின் வாயிலிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. திருமழபாடித் திருமணத்திற்கு மணமகனாகிய நந்தி, கொள்ளிடத்திற்குத் தெற்கேயுள்ள திருவையாற்றிலிருந்து எழுந்தருள்வார். அதன் தொடர்ச்சியாகச் சித்திரையில் திருவையாற்றிற் புறப்படும் சிவிகை, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைத்தானம் என்று ஊரூராகச் சென்று மீளும். ஏழூர் விழா என்பது அது. ஓரூரின் சிவிகையை அடுத்த ஊர் எதிர்கொள்ளும். வயல்வெளியில் இசையும் மக்களும் உடன் நடப்பர். பகுதி முழுதுமே அங்கு அரங்கு.

அதே திருவையாற்றில் ஆண்டுத் தொடக்கத்தில் நடைபெறும் தியாகராசர் ஆராதனையை நாடறியும். வானொலியும் தொலைக்காட்சியும் அதனை ஒலி, ஒளி பரப்புகின்றன. அங்கே அனைவரும் சேர்ந்து பாடும் ஐந்து பாடல்களில் நான்கு தெலுங்கு, ஒன்று சமற்கிருதம். தெலுங்கர் தம் இசைப்புலவரைப் போற்றுவதில் எவர்க்கும் வருத்தமில்லை. ஆயின், காவிரிக்கரையில் தமிழ்ப்பாட்டு மேடையேறுவதற்கு ஓர் இயக்கமே தேவைப்பட்டதை மறக்கவியலுமா? அண்ணாமலை அரசரின் முயற்சியால் 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது அதன் பொருட்டே. அவ்வியக்கம் மன்றங்களுக்குள் தமிழைக் கொண்டு சென்றது. வீதியில் இருந்த தமிழிசையைக் காக்கும் பணியோ எஞ்சி நிற்கின்றது.

பெருமேடைகளை அரசுகள் அமைக்காமலில்லை. 2025ஆம் ஆண்டு ஆடித் திருவாதிரையையொட்டி, சூலை 27 அன்று, அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் நடுவணரசு எடுத்த விழாவில் இளையராசாவின் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. திருவாசகம் திறந்த வெளியில் ஒலித்தது. மகிழத்தக்கதே. எனினும் அத்தகைய மேடை வரும், போகும். ஆண்டுதோறும் தன் மண்ணிலேயே வேர்விட்டு நிற்பது ஊர்விழா ஒன்றே.

ஊர்விழா ஓரினத்திற்கு என்ன செய்யும் என்பதற்கு எசுத்தோனியா விடையளிக்கும். ஏறத்தாழப் பதின்மூன்று நூறாயிரம் மக்களையே உடைய வடபுல நாடு அது. 1869 சூன் திங்களில் தார்த்து என்னும் நடுத்தர நகரில் பாடகரும் இசைக்கருவியாளருமாக எண்ணூற்றுக்கு மேற்பட்டோர் கூடி முதற் பாட்டுவிழாவை எடுத்தனர். அன்று பாடியவற்றில் அந்நாட்டாரே இசையமைத்தவை இரண்டே பாடல்கள். மற்றவை பெரும்பாலும் செருமானியப் பாடல்களின் மொழிபெயர்ப்புகள். இரண்டிலிருந்தே அவர்கள் தொடங்கினர். பின்னர்ச் சோவியத்து ஆட்சியின் கீழ் அவர்களின் உயிர்ப்பாடல் ஒன்று தடுக்கப்பட்டது. 1960இல் மக்கள் தாமாகவே அதனைத் திரண்டு பாடினர். 1988 செபுதம்பரில் தாலின் நகரத்துப் பாட்டுத் திடலில் ஏறத்தாழ மூன்று நூறாயிரம் பேர் கூடினர். 1991இல் நாடு விடுதலை பெற்றது. அவ்வியக்கத்தையே உலகம் 'பாடும் புரட்சி' என்கிறது. 2025 சூலையிலும் அவ்விழா நிகழ்ந்தது.

அங்கே பாடியவர் கூலிக்கு வந்த குழுவினர் அல்லர், ஊர்மக்களே. இங்கோ ஊர்மக்கள் வாய்மூடி நிற்க, ஒலிப்பெட்டி பாடுகின்றது. இதுவே வேறுபாடு, இதுவே இழப்பு.

எனவே, அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்து விழாக்குழுவினர் வரும் இளவேனிலுக்குள் சில முடிவுகளை மேற்கொள்ள வேண்டும். ஒன்று: விழா நாள்களில் ஓரிரவையேனும் ஒலிப்பெட்டி இல்லாத இரவாக ஒதுக்குக. ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000ஆம் ஆண்டு முதலே இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. சட்டம் குறிக்கும் அந்நேரத்திற்கு முன்பே, ஒலிபெருக்கியின்றி, நாகசுரமும் உடுக்கையும் தெருக்கூத்தும் தம் இயற்கை ஒலியோடு எழட்டும். உறங்குவோர்க்கு இடரில்லாத வெளியைத் தேர்ந்துகொண்டாற் போதும். இரண்டு: பந்தற்காரர்க்குக் கணக்கெழுதும் முன் உள்ளூர்க் கலைஞர்க்கு எழுதுக. மூன்று: அழைப்பிதழில் நன்கொடையாளர் பெயர் அச்சாகும் பருமனிலேயே பறையர், தவிலர், கூத்தர் பெயரும் அச்சாக வேண்டும், அவர்க்கு முன்வரிசையில் இருக்கை வேண்டும். நான்கு: சிவிகையும் இசையும் செல்லாத தெரு என்று ஒன்று ஊரில் இருத்தலாகாது. ஐந்து: பள்ளிப் பிள்ளைகள் தமிழ்ப்பாடல் இரண்டினைக் கற்று, விழாக்களத்தில் ஊரோடு சேர்ந்து பாடுக. எசுத்தோனியர் தொடங்கியதும் இரண்டிலேதான்.

இவற்றுள் எதற்கும் அரசின் ஆணை வேண்டா. பெருஞ்செல்வரின் கொடை வேண்டா. ஊர்கூடி எடுக்கும் முடிவொன்றே போதும். தேரை இழுக்க ஊர் கூடுகின்றது. தன் இசையை எழுப்பவும் ஊர் கூடட்டும். தவிலைத் தொட மறுத்த மகன் நாளை அதனைத் தோளில் மாட்டிக்கொண்டு தலைநிமிர்ந்து தெருவில் நடப்பானாயின், அதுவே தமிழர்க்கு மெய்யான இளவேனில்.