ஏ க்ளாஸ் வாங்கின கதை

போனஸ் வந்த வாரத்தில் யாரும் ரிச்சி தெருப் பக்கம் போகக்கூடாது. நான் போனேன்.

‘‘ப்யூர் க்ளாஸ் ஏ சார். சேனலுக்கு 25 வாட்’’ என்றார் கடைக்காரர். ஏ என்றால் முதல் ரேங்க், டி என்றால் ஃபெயில் என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள்? முழு போனஸும் போயிற்று.

ஆம்ப்ளிஃபையர் பாடியது, தேன். ஆனால் ஃபேனை ஐந்தில் வைத்தாலும் ஹாலில் வியர்த்தது. பாட்டே போடாவிட்டாலும் பெட்டி கொதித்தது. ‘‘தோசை வார்க்கலாமா?’’ என்றாள் மனைவி. இரண்டு மாத கரண்ட் பில் வந்ததும் ஜோக் அடிப்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

விஷயம் இதுதான். ஏ, பி, டி எல்லாம் மார்க் இல்லை. உள்ளே டிரான்சிஸ்டர் எப்படி டியூட்டி பார்க்கிறது என்பதற்கு வைத்த பெயர். ஏ-யில், ஃபைல் வந்தாலும் வராவிட்டாலும் குமாஸ்தா முழுச் சம்பளத்தில் உட்கார்ந்திருப்பார். இழுக்கும் கரண்ட்டில் பாதி, அதற்கும் மேல், வெறும் சூடு. என் பெட்டி சும்மா இருக்கும்போதே 200 வாட். தினம் ஐந்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 60 யூனிட்!

பி-யில் இரண்டு குமாஸ்தாக்கள். அலையின் மேல் பாதி ஒருத்தருக்கு, கீழ்ப் பாதி இன்னொருத்தருக்கு. அவர் வேலை செய்யும்போது இவர் தூக்கம். கணக்குப்படி 78.5 சதவீதம் வரை தேறும். ஆனால் தூங்குகிறவர் எழுந்திருக்க சுமார் 0.6 வோல்ட் வேண்டும். கை மாறும் அந்த இடத்தில் அலை நொண்டும். சத்தமான குத்துப்பாட்டில் தெரியாது. மெல்லிய ஆலாபனையில் கரகரக்கும். அதனால்தான் ஏபி: தூங்குகிறவரை அரைக்கண் திறந்திருக்கச் சொல்லி, கொஞ்சம் கரண்ட்டைச் சொட்டவிடுவது. வீட்டு ஸ்டீரியோக்களில் ரொம்ப காலம் இதுதான் ராஜா. (சி-யும் உண்டு. ரேடியோ டிரான்ஸ்மிட்டர்களுக்கு, பாட்டுக்கு ஆகாது.)

டி-யில் அரைகுறையே கிடையாது. முழு ஆன் அல்லது முழு ஆஃப், விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை. காயிலும் கெபாசிட்டரும் அதை வடிகட்டிப் பாட்டாக்கும். 90 சதவீதம் சாதாரணம். 1964-இல் இங்கிலாந்தில் க்ளைவ் சின்க்ளேர் இப்படி ‘எக்ஸ்-10’ என்று ஒரு கிட் விற்றுப் பார்த்தார். அன்றைய டிரான்சிஸ்டர்களுக்கு அந்த வேகம் இல்லை. இன்றைக்கு ப்ளூடூத் ஸ்பீக்கருக்குள் இருப்பது பெரும்பாலும் டி-தான்.

ஏ-யைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ‘‘பாதி விலைதான் சார்.’’ மனசு வரவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு டி வாங்கி ஹாலில் வைத்தாயிற்று. மார்கழி விடியற்காலையில் மட்டும், அப்பாவுக்காக, ஒரு மணி நேரம் ஏ.

அப்பா ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் கேட்கிறார்.