லேப் புலம்பல்கள் - 6: ஒத்த எலக்ட்ரான், மூணு கோடு

முந்தாநேத்து லேப்ல ஹைட்ரஜன் விளக்கு பரிசோதனை. நான்தான் டீச்சிங் அசிஸ்டென்ட். கிரேட்டிங் வழியா பாத்தா சிவப்பு (656 நானோமீட்டர்), நீலப்பச்சை (486), ஊதா (434)ன்னு தனித்தனியா கோடுங்க. எலக்ட்ரான் மேல் மட்டத்துல இருந்து இரண்டாம் மட்டத்துக்கு இறங்கறப்போ, ஆற்றல் வித்தியாசம் ஒரு ஃபோட்டானா வெளிய வரும். 3-லேருந்து 2-க்கு வந்தா 1.89 எலக்ட்ரான் வோல்ட். அதான் அந்தச் சிவப்பு. 1913-லயே போர் சொல்லிட்டார்னு கெத்தா முடிச்சேன்.

ஒரு பொண்ணு கேட்டா: "ஹைட்ரஜன்ல ஒரே ஒரு எலக்ட்ரான்தானே? அப்ப எப்படி மூணு கோடும் ஒரே நேரத்துல தெரியுது?"

பேய்முழி முழிச்சேன். பிளஸ் டூவுல பாமர் வரிசையைப் படத்தோட எழுதி முழு மார்க் வாங்கினவன் மக்கா நான்! இந்தக் கேள்வி ஒருநாளும் தோணலை. அந்த விளக்கையே இங்க வந்துதான் பாத்தேன்.

ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் உறைச்சுது. குழாய்க்குள்ள ஒரு அணுவா இருக்கு? கோடானுகோடி! ஒரு இறக்கத்துக்கு ஒரு ஃபோட்டான்தான். இந்த அணு சிவப்பை விடறப்போ பக்கத்துது ஊதாவை விடும். நாம பாக்கறது கும்பலை, ஒத்த அணுவை இல்ல.

விளக்கிட்டு, "நல்ல கேள்வி"ன்னேன். "எனக்கும் இப்பத்தான் புரிஞ்சுது"ன்னு சொல்லியிருக்கணும். சொல்லலை. அதான் இங்க சொல்றேன்.