எழுவாயைத் தொலைத்த சொல்

அண்மையில் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு சிறுகதை பேசப்பட்டது. களம் மேற்குத் தாம்பரம். நஞ்சையை விற்றுவிட்ட கிழவர், அதே மண்ணில் எழும்பிய அடுக்ககத்தின் வாசலில் இரவுக் காவலராக உட்கார்ந்திருக்கிறார். அக்கதைக்கு வந்த மதிப்புரை ஒன்று, 'முதியவரின் அந்நியமாதல்' என்று சொல்லி முடித்துக்கொண்டது. மின்ரயிலில் தினமும் அருகருகே அமர்ந்தும் பேசாத இருவரா? அந்நியமாதல். பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட அண்ணன் தம்பியா? அதுவும் அந்நியமாதலே. இந்தச் சோம்பலை இனியும் பொறுத்துக்கொள்ள எங்களால் ஆகாது.

எஸ்.வி.ராஜதுரையின் 'அந்நியமாதல்' 1979இல் வெளிவந்தபோது அச்சொல்லின் பின்னால் பெரும் உழைப்பு இருந்தது. மார்க்ஸின் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில், தொழிலாளி செய்த பொருள் அவனுடையதாக இல்லையென்றால் அது வேறொரு மனிதனுடையது என்ற வாதம் தெளிவாகவே வருகிறது. நம் விமர்சகர்கள் சொல்லை எடுத்துக்கொண்டு அந்த வேறொரு மனிதனை விட்டுவிட்டார்கள். (காம்யுவின் நாவலுக்கு வெ.ஸ்ரீராம் இட்ட 'அந்நியன்' என்ற தலைப்பு 2005இல் ஷங்கர் படத்தின் தலைப்பாகவும் ஆன கதை தனி.)

ஆங்கிலத்தின் 'ஏலியனேட்' செயப்படுபொருள் குன்றா வினை. யார், எதை அல்லது யாரை என்ற கேள்விகளுக்கு விடை சொல்லாமல் அது நகராது. நாமோ 'ஆதல்' சேர்த்து அதைத் தன்வினையாக்கினோம். பால் திரிவது போல, இரும்பு துருப்பிடிப்பது போல, மனிதன் தானாகவே அந்நியமாகிறான்! 'அந்நியமாக்குதல்' என்ற பிறவினை கைவசம் இருந்தும் அதைத் தொடுவாரில்லை. தொட்டால் எழுவாயைச் சொல்லியாக வேண்டுமே.

அவ்வினைக்கு இன்னொரு பழைய பொருளும் உண்டு: சொத்தைப் பிறருக்குக் கைமாற்றுதல். 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவு கோயில் நிலம் குறித்துப் பேசுவது இப்பொருளில்தான். இதற்கு நம் பத்திர எழுத்தர்கள் வைத்திருக்கும் சொல் 'பராதீனம்'. பிறர் வசமாதல் என்பதைவிடத் துல்லியமாக அதை யார் சொல்லிவிட முடியும்? கிரயப் பத்திரத்தில் எழுதிக்கொடுப்பவர் பெயர் இருக்கிறது, எழுதிவாங்குபவர் பெயர் இருக்கிறது, தொகை இருக்கிறது, செக்குபந்தி நான்கு திசைக்கும் இருக்கிறது. விமர்சகனிடம் இல்லாத இலக்கணம் பத்திர எழுத்தரிடம் இருக்கிறது.

மனிதர்களுக்கிடையேயான விலகலுக்கும் இரவல் சொல் தேவையில்லை. குறள் புலவிக்கும் துனிக்கும் காய்க்கும் கனிக்குமான வேறுபாட்டைக் காண்கிறது. சங்க மரபில் அயலாருக்கு 'நொதுமலர்' என்று பெயர். 'அவர்கள் வீட்டில் கை நனைப்பதில்லை' என்று நம் அத்தைமார் சொல்லும்போது, பகையின் ஆழம், காரணம், ஆண்டுக்கணக்கு எல்லாம் அதில் அடங்கிவிடுகின்றன.

எழுவாயைத் தொலைக்கும் இந்நோய் இலக்கியத்தோடு நிற்கவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 'சுருங்கியது' என்றே எழுதிப் பழகிவிட்டோம். சதுப்பு நிலம் சலவைத் துணியா சுருங்குவதற்கு? பெருங்குடியில் குப்பையைக் கொட்டியது மாநகராட்சி. சாலை போட்டதும் கட்டடங்களுக்கு அனுமதி தந்ததும் அரசு அலுவலகங்கள். எஞ்சியதற்கு 2022இல் ராம்சர் தகுதி கிடைத்தபோது மகிழ்ந்தோம். மற்றதை எவர் எவருக்குப் பராதீனம் செய்தார் என்ற கேள்வி வாக்கியத்துக்குள் வரவே இல்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரில் வெள்ளம் 'புகுந்தது' என்பதும் இதே இலக்கணம்தான். நீரின் இடத்துக்குள் புகுந்தவர்கள் யார்?

இனி அந்தக் கிழவர். அவருடைய நிலத்தை எழுதிவாங்கியவர் யார், என்ன விலைக்கு, எந்த நெருக்கடியில் என்பதையெல்லாம் கதாசிரியர் மூன்றாம் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறார். மதிப்புரை எழுதியவர் அந்தப் பக்கத்தைப் படித்தாரா என்பதுதான் எங்கள் ஐயம்.