உள்ளங்கை வியர்த்தால் பயந்தாங்கொள்ளியா?

1/ பரீட்சை ஹாலில் பேப்பருக்கு மேல கைக்குட்டை போட்டு, அதுமேல கையை வெச்சு எழுதுற பிள்ளையைப் பார்த்திருக்கீங்களா? என் ஓ.பி.க்கு வந்தாள். பிளஸ் டூ. "எழுத எழுத பேப்பர் நனைஞ்சு கிழியுது டாக்டர்" என்றாள். அம்மா குறுக்கே, "ஒண்ணுமில்ல சார், சரியான பயந்தாங்கொள்ளி."

இந்த ஒரு சொல்லுக்கு எதிராகத்தான் இந்த த்ரெட்.

2/ இதுக்கு ஹைப்பர்ஹைட்ரோசிஸ்னு பேர். நம் தோலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கு. இவங்களுக்கு சுரப்பி அதிகம் இல்லை, அதை இயக்கும் நரம்பு போடுற உத்தரவுதான் அதிகம். பதற்றத்தில் கூடும், உண்மை. ஆனா பதற்றம் நோயின் காரணம் இல்லை. பலர் பயந்து வியர்க்கிறதில்லை, வியர்த்துடுமோன்னுதான் பயப்படுறாங்க.

3/ அடையாளம்: சின்ன வயசுல தொடங்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வியர்க்கும். 6 மாசத்துக்கு மேல நீடிக்கும். தூங்கும்போது நிற்கும். பல குடும்பங்களில் இன்னொருத்தருக்கும் இருக்கும். திட்டுறவங்க, முதல்ல உங்க கையைத் தொட்டுப் பாருங்க!

4/ "உடம்பு சூடு, வெந்தயம் போடு." போடுங்க, கெடுதல் இல்லை. வியர்வை நிற்காது. டியோடரன்ட் நாற்றத்தை மறைக்கும், அவ்வளவுதான். பவுடர் ஈரத்தில் பசையாகும்.

5/ வைத்தியம் இருக்கு. முதல் படி, 20% வரை அலுமினியம் குளோரைடு கலந்த லோஷன். ராத்திரி, நல்லா உலர்ந்த தோலில் தடவி, காலையில் கழுவணும். ஈரத்தில் தடவினா எரியும். "போட்டேன், கேக்கல" என்பவர்களில் பலர் காலையில் குளிச்ச கையோட போட்டவங்க.

6/ அடுத்தது ஐயான்டோஃபோரெசிஸ். தண்ணீர்த் தட்டில் கையை வெச்சு மெல்லிய மின்சாரம். பேஸ்மேக்கர் உள்ளவங்க, கர்ப்பிணிகள் கூடாது. வீட்டில் பேட்டரி வெச்சு சோதனை வேண்டவே வேண்டாம். போடாக்ஸ் ஊசி சில மாதங்கள் பலன் தரும், செலவு அதிகம். கிளைக்கோபைரோலேட் மாதிரி மாத்திரைகளும் உண்டு. வாய் உலரும், மலச்சிக்கல் வரும். நம்ம ஊர் வெயிலில் உடம்பு சூடு தணியாமப் போகலாம், அதனால டாக்டர் சொல்லாம வாங்காதீங்க.

7/ எடுத்த எடுப்பிலேயே "நரம்பைக் கட் பண்ணிடலாம்" என்றால் எழுந்து வந்து இன்னொரு டாக்டரைப் பாருங்க. கை காயும். ஆனா முதுகு, வயிறு, தொடையில் வியர்வை கொட்டலாம். வெட்டின நரம்பைப் பழையபடி ஆக்க முடியும்னு உத்தரவாதம் இல்லை. அது கடைசி வழி.

8/ இதைக் கவனிங்க. பெரியவங்களுக்குப் புதுசா, உடம்பு முழுக்க வியர்த்தா தைராய்டு பாருங்க. ராத்திரி படுக்கை நனையுது, எடை குறையுதுன்னா காசநோய், நிணநீர்ப் புற்றுநோய் இல்லைன்னு உறுதி பண்ணணும். சர்க்கரைக்கு மருந்து எடுக்கறவங்களுக்கு வியர்வையோட நடுக்கம் வந்தா சர்க்கரை இறங்கியிருக்கலாம். நெஞ்சுவலியோட குளிர்ந்த வியர்வையா? உடனே 108.

9/ சக மருத்துவர்களுக்கும் ஒண்ணு. "டென்ஷன் ஆகாதம்மா" என்பது மருந்துச்சீட்டு இல்லை. நாம அப்படி அனுப்பின பிள்ளைகள் திரும்ப வரவே இல்லை. கையைப் பின்னால் மறைச்சுக்கிட்டு வாழப் பழகிட்டாங்க.

10/ அந்தப் பொண்ணுக்கு முழுசா காயலை. லோஷனும் ஐயான்டோஃபோரெசிஸும் போகுது. போன தடவை வந்தப்போ கைக்குட்டை இல்லை. அம்மா அந்தச் சொல்லைச் சொல்லவும் இல்லை.

உங்க வீட்டிலும் நிறுத்துங்க. தோல் மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க.